பழைய ட்ரையல்ஸ் பைக்: எதை எடுத்துப் புதுப்பிக்கலாம்?

பாறையிலும் சரிவிலும் காலை ஊன்றாமல் ஓட்டும் ட்ரையல்ஸ் போட்டிக்கான மூன்று பழைய வண்டிகள் ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, பாதி கழற்றிப் பெட்டியில் போட்ட ட்ரையம்ஃப் டைகர் கப். இன்னொன்று, ஓடுகிற ஆனால் அடிபட்டுத் தேய்ந்த யமஹா டி.ஒய். 175. மூன்றாவது, புதுப் பெயிண்டில் மின்னும் புல்டாக்கோ ஷெர்பா டி. எதை எடுப்பது என்று கேட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்கு நடுவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எந்த வண்டி அதிகக் கோப்பை வென்றது என்று பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. வாங்கும் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, இந்த வண்டியில் எந்தெந்த வேலையை நாமே செய்ய முடியாமல் வெளியே கொடுக்க நேரும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பணமும் மாதங்களும் கரைவது அங்கேதான்.

## எதை வைத்து எடை போடுவது

ட்ரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பு இல்லை. பாறை, ஓடை, வழுக்கும் சரிவு என்று எல்லை குறித்த பகுதிகளைக் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். பழைய வண்டிப் போட்டிகளில் வழக்கமான கணக்கு இது: ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறையானாலும் 3, கடக்க முடியாமல் போனால் 5. குறைந்த எண் எடுத்தவர் வென்றவர். ஆகவே ஐடிலுக்கு (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகத்துக்கு) சற்று மேலேயே திணறாமல் இழுக்கும் இன்ஜின், முழுதாக விடும் கிளட்ச், சீராகத் திரும்பும் ஹேண்டில் ஆகிய மூன்றும்தான் முக்கியம். குரோம் பளபளப்பு ஒரு புள்ளியைக்கூடக் குறைக்காது.

இதற்கேற்ற அளவுகோல்கள்:

எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறீர்கள். ப்ரீ-65 என்பது 1964 முடிவதற்குள் வந்த வகை வண்டிகளுக்கு. ட்வின்ஷாக் என்றால் பின்னால் இரண்டு ஷாக், இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக், காற்றில் குளிரும் இன்ஜின். அதற்கு அடுத்தது ஒற்றை ஷாக் கொண்ட ஏர்-கூல்டு மோனோ. பிரிவுக்குப் பிரிவு பாதையின் கடினமும் மாறும். கிளப்புக்குக் கிளப் விதிகளில் வேறுபாடு உண்டு, அதனால் வண்டியைத் தேடுவதற்கு முன் விதியைப் படியுங்கள்.

உதிரி பாகம். பிஸ்டன், ரிங், ஆயில் சீல், கேபிள் பெரும்பாலும் எதற்கும் கிடைக்கும். கிராங்க்கேஸ், கியர் சக்கரம், கிக் ஸ்டார்ட் பல்சக்கரம், எக்ஸாஸ்ட் இந்த நான்கும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள்.

வெளியே கொடுக்கும் வேலை. போரிங் (சிலிண்டரைக் கடைதல்), கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பிரித்துப் பொருத்துதல், ஃபோர்க் குழாய்க்கு ஹார்டு குரோம், பிரேக் லைனிங், சக்கரம் கட்டுதல், பிளேட்டிங். உங்கள் வண்டிக்கு இதில் எத்தனை தேவை?

ஓட்டும் குணம். எடை, ஃபுட்ரெஸ்ட் இருக்கும் இடம், ஹேண்டில் சாய்வு, கிளட்சின் இதம்.

கியர் எந்தக் காலில். சிறிய விஷயமாகத் தெரியும். பிரிட்டிஷ் வண்டிகளிலும் பல ஸ்பானிய வண்டிகளிலும் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். இடக்கால் கியருக்குப் பழகியவர், செங்குத்தான இறக்கத்தில் பதறும்போது வலது காலைத்தான் அழுத்துவார். பிரேக் விழாது, கியர் மாறும். ஓரிரு வாரத்தில் பழகிவிடும் என்று எண்ண வேண்டாம். பதற்றத்தில் பழைய பழக்கமே முந்தும்.

## ஒரே பார்வையில்

| வண்டி | பிரிவு | உதிரி பாகம் | வெளியே போகும் வேலை | கியர் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| டைகர் கப் | ப்ரீ-65 | நன்றாகக் கிடைக்கும் | மிக அதிகம் | வலது | லேத் வேலை தெரிந்தவர் |
| பி.எஸ்.ஏ. பேன்டம் | ப்ரீ-65, கிளப் விதிப்படி | மிக நன்றாக | நடுத்தரம் | வலது | ப்ரீ-65க்குள் எளிதாக நுழைய நினைப்பவர் |
| ஷெர்பா டி, மான்டெசா கோட்டா | ட்வின்ஷாக் | நன்றாகக் கிடைக்கும் | நடுத்தரம் | பெரும்பாலும் வலது | பொறுமையும் இடமும் உள்ளவர் |
| டி.ஒய். 175, 250 | ட்வின்ஷாக் | நன்றாகக் கிடைக்கும் | குறைவு | இடது | முதல் வண்டி தேடுபவர் |
| ஹோண்டா டி.எல். 125, டி.எல்.ஆர். 200 | ட்வின்ஷாக் | சில கிடைக்கும், சில கிடைக்காது | குறைவு, ஹெட் கெட்டால் அதிகம் | இடது | நிதானமாக ஓட்டுபவர் |
| ஃபேன்டிக் 240, 300 | ட்வின்ஷாக் | ஓரளவு | குறைவு | இடது | போட்டியில் முன்னேற நினைப்பவர் |
| டி.ஒய். 250 மோனோ | ஏர்-கூல்டு மோனோ | ஓரளவு | குறைவு | இடது | புதுப்பிப்பதைவிட ஓட்ட நினைப்பவர் |

## பிரிட்டிஷ் ப்ரீ-65: டைகர் கப், பேன்டம்

டைகர் கப் 199 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக், சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் 63 × 64 மி.மீ. 1954 முதல் 1968 வரை வந்தது. சிறியது, மெலிந்தது, சத்தமும் அழகு. ப்ரீ-65 பிரிவில் இதைப் பலரும் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆனால் இன்ஜினின் உட்புறம் மன்னிக்கும் குணம் கொண்டதல்ல.

அடிப்படைக் கோளாறு எண்ணெய்ப் பாதையில் இருக்கிறது. முந்தைய கப்களில் கிராங்கின் டைமிங் பக்கம் சாதாரண புஷ்ஷில் (உலோக வளையத்தில்) சுழல்கிறது. பிக்-எண்டுக்கு (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்துக்கு) போகும் எண்ணெயும் அந்தப் புஷ் வழியாகத்தான் கிராங்குக்குள் நுழைகிறது. புஷ் தேய்ந்தால் எண்ணெய் ஓரமாகக் கசிந்துவிடும். பிக்-எண்டோ உருளை பேரிங் இல்லாத ஷெல் வகை. அழுத்தம் குறைந்த மறுகணமே அது அடிபடும். பிக்-எண்டை மட்டும் மாற்றிப் புஷ்ஷை விட்டுவைத்தால் மறுபடியும் அதே கதை. சரியான வேலை என்றால் புதுப் புஷ் போட்டு, எதிர்ப்பக்க பேரிங்கோடு ஒரே நேர்கோட்டில் வரும்படி ரீமர் பிடித்து, கிராங்க் ஜர்னலைக் கிரைண்ட் செய்து, உள்ளே படிந்த கசட்டை முழுதாக எடுத்து, எண்ணெய் பம்பையும் சரிபார்க்க வேண்டும். இவை எல்லாமே வெளி வேலை, அதிலும் கப் தெரிந்த ஒருவர் செய்ய வேண்டியவை.

இரண்டாவது மறைவான செலவு கியர். சாலைக்கு வந்த கப்களின் முதல் கியர் ட்ரையல்ஸுக்கு மிக வேகமானது. பெரிய பின் ஸ்ப்ராக்கெட் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அப்போது பகுதிகளுக்கு இடையே ஓட்டும்போது இன்ஜின் அலறும். ட்ரையல்ஸ் மாடல்களில் வந்த அகல இடைவெளி கியர் தனியாகத் தேட வேண்டிய சரக்கு. மூன்றாவது, எனர்ஜி டிரான்ஸ்ஃபர் இக்னிஷன். பேட்டரி இல்லாமல் தீப்பொறி தரும் ஏற்பாடு அது. பாயின்ட் (தீப்பொறியைத் தூண்டும் சுவிட்ச்) திறக்கும் நேரம் சற்றுப் பிசகினாலும் பொறி பலவீனமாகும், சூடான இன்ஜின் கிக்கில் பிடிக்காது. புதிய எலெக்ட்ரானிக் கிட் போட்டால் தொல்லை தீரும், விதி அனுமதிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பி.எஸ்.ஏ. பேன்டம் வேறு ரகம். 1948இல் 123 சிசியில் தொடங்கி 148, பிறகு 172 சிசி வரை வளர்ந்த டூ-ஸ்ட்ரோக். இதன் மூலவடிவம் போருக்கு முந்தைய ஜெர்மன் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125. வால்வு இல்லை, எண்ணெய் பம்ப் இல்லை. கிராங்க் பிரிப்பது மட்டும்தான் பிரஸ் தேவைப்படும் வேலை. பழைய மூன்று கியர் பெட்டியில் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. ஏற்றத்தின் நடுவில் மாற்றினால் இன்ஜின் சோர்ந்துவிடும். நான்கு கியர் இன்ஜின் 1960களின் பிற்பகுதியில்தான் வந்தது, ஆனாலும் அடிப்படை வடிவம் பழையது என்பதால் பல கிளப்கள் ஏற்கின்றன. முடிந்தால் அதையே தேடுங்கள்.

பேன்டம் வைக்கும் கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. சாலை பேன்டம் மலிவு. அதை ட்ரையல்ஸ் வண்டியாக்க ஃப்ரேம் மாற்றம், நல்ல ஃபோர்க், 21 அங்குல முன் சக்கரம், அலுமினிய டேங்க், உயர்த்திய எக்ஸாஸ்ட் எல்லாம் வேண்டும். முடிக்கும்போது, தயாராக விற்ற வண்டியின் விலையைத் தாண்டியிருப்பீர்கள், கையில் மிஞ்சியிருக்கும் பேன்டம் பாகம் இன்ஜின் மட்டுமாக இருக்கும்.

வில்லியர்ஸ் இன்ஜின் போட்ட கிரீவ்ஸ், ஜேம்ஸ், பிரான்சிஸ்-பார்னெட், டாட் வண்டிகளும் இதே பிரிவில் நல்ல தேர்வு. 500 சிசி ஏரியல் எச்.டி.5 போன்ற கனவண்டிகள் தனி உலகம். ஜி.ஓ.வி. 132 என்ற பதிவெண் கொண்ட ஏரியலில் ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர் வென்றதைப் பார்த்து ஆசைப்படலாம், ஆனால் அந்த வண்டி வருடக்கணக்கில் கிராம் கிராமாக இளைக்கவைக்கப்பட்டது.

புல்லட்டைக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. ஸ்விங் ஆர்ம் புல்லட் 1948இல் கோல்மோர் கப் ட்ரையலில்தான் முதலில் வெளியே தலைகாட்டியது, ஜானி பிரிட்டன் 350 புல்லட்டில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை வென்றிருக்கிறார். பாகம் கிடைப்பதும் பிரச்சினையே இல்லை. பிரச்சினை எடை. சாலை புல்லட்டிலிருந்து தொடங்கினால் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஷெர்பாவைவிட மிகக் கனமான வண்டிதான் கையில் இருக்கும். அகலமான, எளிய பாதைக்கு மட்டும் ஏற்றது.

எப்போது சிறந்தது: உங்களைச் சுற்றி நடக்கும் போட்டிகளில் ப்ரீ-65க்கு எளிய தனிப் பாதை இருந்தால். இன்ஜின் வேலையே உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால்.

## ஸ்பெயின்: ஷெர்பா டி, கோட்டா

1965இல் சாமி மில்லர் புல்டாக்கோவில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை வென்றதும் பிரிட்டனின் பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக் காலம் முடிவுக்கு வந்தது. 1975இல் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது முதல் பட்டமும் ஷெர்பாவுக்கே, ஓட்டியவர் மார்ட்டின் லாம்ப்கின். தொடர்ந்து வெஸ்டரினன் மூன்று முறை, 1979இல் பெர்னி ஷ்ரைபர். 1980இல் உல்ஃப் கார்ல்சன் மான்டெசாவில் பட்டத்தை எடுத்தார். ஆக இது வெற்றி பெற்ற வடிவம், அதில் சந்தேகமில்லை. 90 கிலோவைச் சுற்றிய எடை, ஐடிலிலிருந்து இழுக்கும் பெரிய ஃப்ளைவீல். முதல் வண்டி என்றால் 325 சிசியை விட 250 சிசி நல்லது. பெரிய இன்ஜின் கிக் அடிப்பதிலும் ஈரத் தரையிலும் புதியவரைத் தண்டிக்கும்.

தொழிற்சாலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆனாலும் புல்டாக்கோவுக்குப் புதிதாகச் செய்யும் பாகங்கள் ஏராளம். தொல்லை தருபவை இவை:

ஃபைபர்கிளாஸ் டேங்க். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரெசினைக் கரைக்கும். கரைந்த பிசின் கார்புரேட்டர் ஸ்லைடிலும் நுண்ணிய துவாரங்களிலும் படிந்து, ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை அடைத்து, சில நேரம் பிஸ்டன் ரிங்கையே ஒட்டவைத்துவிடும். எபாக்சி பூச்சு உள்ளே ஊற்றலாம். ஆனால் பழைய டேங்க் முற்றிலும் உலர்ந்து சுத்தமாக இல்லாவிட்டால் பூச்சு தாள் தாளாக உரிந்து வரும். அலுமினிய டேங்க் நிரந்தரத் தீர்வு. மான்டெசா கோட்டா 247இல் டேங்கும் சீட்டும் ஒரே வார்ப்பாக ஓடுகின்றன, அந்த அழகுக்காகத்தான் பலர் வாங்குகிறார்கள். அதில் அலுமினியத்துக்கு மாறுவது எளிதல்ல. பழைய உடலுக்குள் சிறு டேங்கை மறைத்து வைப்பவர்கள் உண்டு.

இக்னிஷன். முன்னவை ஃபெம்சா பாயின்ட் வகை, பின்னவை மோட்டோபிளாட் எலெக்ட்ரானிக். ஃபெம்சாவைச் சரிசெய்து ஓட்டலாம். மோட்டோபிளாட் மூடி வார்த்த பெட்டி, குளிரில் பிடித்துச் சூட்டில் நின்றுபோகும். அப்படி ஆனால் புதிய கிட்தான் நம்பகமான வழி, அதைத் தொடக்கத்திலேயே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர். உடல் துத்தநாகக் கலவை, ஸ்லைடும் அதே. தேய்ந்ததும் ஓரத்தில் காற்று நுழைந்து ஐடில் நிலைக்காது. ட்ரையல்ஸில் ஐடில்தான் வாழ்க்கை. ஸ்லைடை மேலே தூக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தெளிவான ஆட்டம் இருந்தால் ஜெட்டை மாற்றி நேரத்தைக் கழிக்காதீர்கள். கடினப்படுத்திய அலுமினிய ஸ்லைடு கொண்ட புது அமால் கிடைக்கிறது. மிக்குனி கார்புரேட்டருக்கு மாறினால் ஜெட்டிங்கை முதலிலிருந்து தேட வேண்டும்.

புல்டாக்கோவில் பிரைமரி செயினும் கியர்பாக்ஸும் தனித்தனி எண்ணெய் அறைகள். எண்ணெயும் தனித்தனி. இரண்டில் எது குறைந்தாலும் கிராங்கின் அந்தப் பக்க சீல் போயிருக்கலாம், வெள்ளைப் புகை அதற்கு அடையாளம். கிக் ஸ்டார்ட் பற்கள் தேய்வதும் வழக்கம், வாங்குமுன் கையால் மெதுவாக அழுத்தி நழுவுகிறதா என்று பாருங்கள்.

புல்டாக்கோவில் ஃப்ரேம் எண் பி என்ற எழுத்திலும் இன்ஜின் எண் எம் என்ற எழுத்திலும் தொடங்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் எழுத்துக்குப் பின்வரும் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். பொருந்தாவிட்டால் வண்டி கெட்டது என்று பொருளில்லை, விலை குறைய வேண்டும்.

எப்போது சிறந்தது: இரண்டு வண்டி வைக்கும் வசதி இருந்து, ஒன்று நிதானமாகப் புதுப்பிக்க என்றால். முதல் வண்டியாக, அடுத்த மாதம் ஓட்ட வேண்டும் என்ற அவசரத்தில் என்றால் வேண்டாம்.

## யமஹா டி.ஒய். 175, டி.ஒய். 250

ஓசா என்ற ஸ்பானிய வண்டியில் 1970, 71, 72 என்று மூன்று முறை ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை வென்ற மிக் ஆண்ட்ரூஸை யமஹா அழைத்து உருவாக்கிய வரிசை இது. 1974, 75 இரண்டிலும் அவர் யமஹாவிலேயே அதே போட்டியை வென்றார். ஆனால் கடையில் விற்ற டி.ஒய். 250 கொஞ்சம் கனமானது, சட்டென்று வளையும் குணம் குறைவு. 171 சிசியும் 66 × 50 மி.மீ. அளவும் ஆறு கியரும் உள்ள 175, வளையும் இடங்களில் அண்ணனை விட நன்றாக ஓடும். புதியவருக்கு எங்கள் முதல் பரிந்துரை 175தான், தயக்கமில்லை.

வெளி வேலைப் பட்டியல் சிறியது. ரீபோர், தேவைப்பட்டால் கிராங்க், பிரேக் லைனிங். மற்றவை சாதாரண ஸ்பானர் வேலை. பிரித்ததும் பார்க்க வேண்டியவை:

ரீட் வால்வு (இன்ஜினுக்குள் போகும் கலவை திரும்பி வராமல் தடுக்கும் மெல்லிய இதழ்). இதழைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இருக்கையிலிருந்து 0.3 மி.மீக்கு மேல் விலகியிருந்தாலோ ஓரம் உடைந்திருந்தாலோ மாற்றுங்கள். உடைந்த துண்டு இன்ஜினுக்குள் போயிருக்கலாம், அதையும் தேடுங்கள்.

ஆட்டோலூப் எண்ணெய் பம்ப். பல வண்டிகளில் முன் சொந்தக்காரர் கழற்றிவிட்டிருப்பார். அப்படியென்றால் பெட்ரோலில் எண்ணெய் கலந்தே ஊற்ற வேண்டும். விற்பவரிடம் இதைக் கேட்காமல் வண்டியைக் கிளப்பக் கூடாது. பம்ப் இருந்தால் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் முழுதாக வடியவிடுங்கள். பழைய கையேடுகள் 20:1, 25:1 என்று சொல்லும், அது அக்கால எண்ணெய்க்கு. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெயில் 40:1 அல்லது 50:1 போதும். எண்ணெயைக் கூட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: எண்ணெய் ஏறினால் ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறையும், கலவை வறளும்.

அதன்பின் ஃபுட்ரெஸ்ட். தொழிற்சாலை வைத்த இடம் உயரம், முன்னால். சிறு தகடு வெல்டு செய்து கீழே, பின்னால் கொண்டுவருவதுதான் இந்த வண்டிக்குச் செய்யும் மிகப் பயனுள்ள மாற்றம். பின் ஷாக்கை நீளமாகப் போட்டு ஹேண்டில் சாய்வைக் கூர்மையாக்குபவர்களும் உண்டு. இருசுக்கு இடையே 1290 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கத்தை 25 மி.மீ. உயர்த்தினால் சாய்வு சுமார் 1 டிகிரி மாறும், மெதுவான திருப்பத்தில் அது தெரியும். ஆனால் ஸ்விங் ஆர்ம் கோணம் மாறிச் செயின் பிவட் மேல் உரசும், சைடு ஸ்டாண்ட் எட்டாது, சமதளத்தில் வேகமாகப் போனால் முன்சக்கரம் அலையும். 25 மி.மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

ஃப்ரேமில் ஃபுட்ரெஸ்ட் தாங்கியைச் சுற்றியும் பாஷ் பிளேட் (இன்ஜினின் அடியைக் காக்கும் தகடு) பிடிமானத்திலும் விரிசல் இருக்கிறதா என்று பெயிண்டுக்கு முன்னே கம்பி பிரஷ் போட்டுப் பாருங்கள்.

எப்போது சிறந்தது: முதல் வண்டி. குறைந்த கருவிகள். உடனே ஓட்டவும் வேண்டும் என்றால்.

## ஹோண்டா: டி.எல். 125, டி.எல்.ஆர். 200

பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் தொல்லையில்லை, இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் கைகொடுக்கும், சத்தமும் மென்மை. 122 சிசி டி.எல். 125 செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்கும். 194 சிசி டி.எல்.ஆர். 200 அந்தக் குறையைத் தீர்க்கிறது, ஆகவே வாங்கினால் 200.

ஒரே ஒரு கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கும்: கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உட்காரும் இடம் எப்படி இருக்கிறது? அதற்குத் தனி பேரிங் இல்லை, அலுமினிய ஹெட்டிலேயே சுழல்கிறது. எண்ணெயை மாற்றாமல் ஓட்டிய வண்டியில் அந்த இடம் கீறி ஆழமாகியிருக்கும். மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் ஹெட் இல்லாமல் நின்றுபோன டி.எல்.ஆர். பல. டேப்பெட் மூடியைத் திறக்க விற்பவர் சம்மதித்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் ஹெட் ஒன்றின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

எப்போது சிறந்தது: வாரயிறுதியில் நிதானமாக ஓட்ட, பராமரிப்பு குறைவாக வேண்டும் என்றால்.

## ஃபேன்டிக் 240, 300

ட்வின்ஷாக் காலத்தின் கடைசிப் பேச்சு இவை. 240 என்று எழுதியிருந்தாலும் இன்ஜின் 212 சிசிதான், 300 என்பது 249. பெயரைப் பார்த்து 300 வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், ஈரத்தில் 240 மிருதுவாக இழுக்கும். ஹேண்டில் சாய்வு, ஃபுட்ரெஸ்ட், எடை எதையும் மாற்றத் தேவையில்லாத வடிவம். அதனாலேயே போட்டியில் முன்வரிசையில் இருப்பவர்கள் இவற்றைத் தேடுகிறார்கள், விலையும் அதற்கேற்ப. இந்த வண்டியை மலிவாக எடுத்துப் புதுப்பிக்கலாம் என்ற கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது. நல்ல நிலையில் இருப்பதை வாங்கி ஓட்டுங்கள்.

## ஏர்-கூல்டு மோனோ

1980களின் நடுவில் வந்த யமஹா டி.ஒய். 250 மோனோ போன்றவை. இன்றும் விலை குறைவு, ஓட்டவும் எளிது. ட்வின்ஷாக் பிரிவில் நுழைய முடியாது என்பதுதான் குறை. சில இடங்களில் தனிப் பிரிவே இருக்காது, நவீன வண்டிகளோடு சேர்ந்து ஓட நேரும். செலவு பின் ஷாக்கில். பழுதான பழைய ஒற்றை ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்பவர் கிடைக்காவிட்டால் புதிது வாங்க வேண்டும், அது இரட்டை ஷாக் ஜோடியை விட விலை கூடுதல்.

## எந்த வண்டியானாலும் வந்து சேரும் செலவு

சக்கரம் முதலில். துருப்பிடித்த ஸ்போக் நிப்பிள் திரும்பாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் புது ஸ்போக், கட்டி பெண்டு எடுக்கும் கூலி, சில நேரம் ரிம். முன்னால் 2.75-21, பின்னால் 4.00-18 ட்ரையல்ஸ் டயர், பின்னதை டியூப் வகையாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் 4 முதல் 5 பி.எஸ்.ஐ., முன்னால் ஒன்றோ இரண்டோ கூட. இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மில் நழுவி டியூப் வால்வைப் பிய்க்கும். ரிம் லாக் கட்டாயம், பின்னால் இரண்டு இருந்தால் நல்லது. சாதாரண காற்றளவி இந்த அளவில் உளறும், 0–15 பி.எஸ்.ஐ. காட்டுவது தனியாக வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் கிராங்க் சீல் இரண்டையும் கேட்காமலே மாற்றுங்கள். பிறகு இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றிச் சில நிமிடம் பாருங்கள், முள் இறங்கினால் சோப்பு நீர் தெளியுங்கள், கசியும் இடம் குமிழி விடும். காற்று கசியும் இன்ஜினில் ஐடில் ஏறி ஏறி நிற்கும். அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் ஜெட் மாற்றுவார்கள்.

பிரேக். லைனிங் ஒட்டிய பிறகு ஷூவை லேத்தில் டிரம்மின் விட்டத்துக்குக் கடைய வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் மட்டும் பிடிக்கும். பிரேக் பிடித்த நிலையில் கேம் கையும் கேபிளும் செங்கோணத்தில் நிற்கும்படி கையைப் பொருத்துங்கள். காசில்லாத முன்னேற்றம் இது.

கிளட்ச் இழுத்தாலும் வண்டி ஊர்ந்தால் எஃகுத் தட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜால் வளைவு பாருங்கள். தட்டுகளைத் தாங்கும் கிளட்ச் கூடையின் காடிகளில் பள்ளம் விழுந்திருந்தால் தட்டு அங்கே மாட்டி நிற்கும். லேசான பள்ளத்தை அரம் போட்டுச் சமன் செய்யலாம், ஆழமானால் கூடையே மாற்ற வேண்டும்.

பவுடர் கோட்டிங் கடைசி வேலை. ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஃப்ரேமைப் பூச அனுப்புபவர்கள் ஃபுட்ரெஸ்ட் இடத்தை மாற்ற மீண்டும் வெல்டு செய்யும்போது அத்தனையும் எரிக்கிறார்கள். கோட்டிங் மெல்லிய விரிசலை மறைக்கும், பேரிங் இருக்கையிலும் புரியிலும் ஏறும், இக்னிஷன் எர்த் தொடர்பையும் துண்டிக்கும். எர்த் இடத்தை மறைத்துப் பூசச் சொல்லுங்கள்.

## முடித்த வண்டியா, பெட்டியில் வரும் வண்டியா

பெட்டியில் வரும் வண்டி மலிவு. ஆனால் ஸ்பேசர், பிராக்கெட், கிக் ஸ்டார்ட் ஸ்பிரிங் தடுப்பு, பாஷ் பிளேட் போல்ட் ஆகியவை எந்தப் பெட்டியிலும் இருக்காது. ஒவ்வொன்றும் சிறிய விலை, ஒவ்வொன்றுக்கும் தேடல். தேய்ந்திருந்தாலும் முழுதாக, ஒரே வண்டியாக இருப்பதை எடுங்கள். ஆட்டம் போடும் பாகம்கூட அளவெடுக்க மாதிரியாக உதவும், இல்லாத பாகத்தால் உதவியில்லை.

முடித்த வண்டி வேலையை மிச்சப்படுத்தும், உள்ளே யார் என்ன செய்தார் என்ற அறியாமையையும் கூடவே தரும். புதுப் பெயிண்ட் என்றால் சந்தேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இன்ஜினுக்குப் போட்ட பாகங்களின் பில்லைக் கேளுங்கள், பிரித்தபோது எடுத்த படத்தைக் கேளுங்கள். விற்பவரிடம் நிற்கும்போதே பத்து நிமிடத்தில் செய்யக்கூடியவை: மேக்னட் மூடியைக் கழற்றி ஃப்ளைவீலை மேலும் கீழும் அசையுங்கள், கைக்குத் தெரியும் அசைவு இருந்தால் மெயின் பேரிங் போய்விட்டது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நேராக வரும் இடத்தில் தட்டினால் ஸ்டியரிங் பேரிங்கில் குழி. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்விங் ஆர்ம் ஆட்டம் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிய கேஸில் செயின் அறுந்து அடித்த வெல்டு இருக்கிறதா பாருங்கள். ஃபோர்க் குழாயைத் துடைத்து, சீல் ஓடும் இடத்தில் நகம் மாட்டும் குழி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், இருந்தால் புது சீல் ஒரு வாரம்கூடத் தாங்காது.

போகுமுன் இன்ஜின் குளிர்ந்திருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடேற்றி வைத்த வண்டி பெரும்பாலும் நன்றாகத்தான் கிளம்பும்.